சாக்குச் சந்துக்கு வந்த குழாய்

— ஏட்டி கமலாக்ஷி, ஓடியா, ஓடியா! எங்க சாக்குச் சந்து முழுக்கக் குடமா நிக்குது! நூத்துப் பன்னெண்டு வரைக்கும் எண்ணுனேன், பெறவு விட்டுட்டேன்.

— மூச்சு விடு, பேச்சி! எதுக்குக் குடம்?

— பேப்பர்ல நம்ம ஸ்கூல் பிள்ளைங்க பக்கம் வந்துட்டுல்லா! மேல என் கட்டுரை, கீழ உன் கட்டுரை. 'வெள்ளிக்கிழமை சாக்குச் சந்துக்குக் குழாய் வருகிறது'ன்னு எழுதிருந்தேனே, அதைச் சாயாக்கடையில சத்தமா வாசிச்சிருக்காவ. இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா! விடியக்காலமே குடத்தை வரிசை வச்சிட்டாவ.

— என்டம்மே! அப்படியா எழுதினே? யார் சொன்னா உன்கிட்ட?

— ஒருத்தரும் சொல்லலை. சீதாலக்ஷ்மி டீச்சர், 'மட்டாஞ்சேரி மாறிண்டு வரது, உங்க தெருவுக்கு என்ன வந்ததோ அதை எழுதுங்கோ'ன்னாங்க. எங்க சந்துக்கு என்னட்டி வந்துச்சு? ரோடா, லைட்டா? அதான், வரவேண்டியதை எழுதிட்டேன்.

— அசத்தே! பொய்யின்னா அது! எங்கப்பா தண்ணி ஆபீஸ் கிளார்க். நான் சொல்லித்தான் நீ எழுதினேன்னு எல்லாரும் நினைப்பா. அப்பாவுக்கு வேலை போயிட்டா நாங்க என்னடி பண்ணுவோம்?

— அப்படித்தான் நெனைச்சாவ. 'வாஞ்சிநாதன் சாமி மக கூடப் படிக்கிற பிள்ளை எழுதுனா நெசமாத்தான் இருக்கும்'னு எங்கம்மை சுக்குக் கிடங்குக்கே போகலை. மொதக் குடம் அவளுதுதான். தெனமும் பஜார்க் குழாயடி வரைக்கும் நடந்து சொமக்காளே, இன்னைக்கு ஒரு நாள் மகாராணி மாதிரி நிக்கா!

— ஆபீஸ்லேர்ந்து யாராவது வந்தாளா?

— ஓவர்சியர் வந்தாச்சு! 'எடுங்க குடத்தை'ன்னு ஒரே சத்தம். ஒருத்தர் அசையணுமே! எங்கம்மை குடத்தைக் கமுத்திப்போட்டு அதுமேலயே உக்காந்துட்டா.

— எனக்குச் சிரிப்பும் வரது, பயமும் வரது.

— இனிமேத்தான் கூத்து! 'உங்க சந்துக்குக் குழாயே கெடையாது, பாருங்க'ன்னு புஸ்தகத்தைத் தொறந்தாரு. பார்த்தா இருக்குட்டி! 'சாக்குச் சந்து, ஒரு குழாய், போன விஷுவுக்குப் போட்டாச்சு.' நான் பொய்யே சொல்லலை!

— போட்டாச்சா? கையெழுத்து யாரோடது?

— உங்கப்பாவோடது. 'போட்ட குழாய் எங்கே சாரே'ன்னு எல்லாரும் ஓவர்சியரைச் சுத்தி நிக்காவ. பேந்தப் பேந்த முழிக்காரு!

— அந்தப் பேப்பர் கையில இருக்கா?

— இந்தா. என்னுதை நூறு வாட்டி வாசிச்சாச்சு. உன்னுதைத்தான் இன்னும் வாசிக்கலை.

— நீ வாசிக்க வேண்டாம். வா, ஓவர்சியர் முன்னாடி நின்னு நானே வாசிக்கறேன். 'போன விஷுவன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா ஒரு புதுக் குழாய் வைத்தார்.'