ஏச்சுப்பாறை

ரயிலும் ரோடும் நம்ம பக்கம் எட்டிப் பாக்காத காலம். இதே குருவிமலை ஊர்ல உடையாண்டிப் பண்டுவர்னு ஒருத்தர் இருந்தாராம். எங்க பாட்டனுக்குப் பாட்டன். நீர்ப்பையில கல்லு சேந்து, கல்லடைப்புல துடிக்கிறவுகளுக்கு அறுத்துக் கல்லெடுக்கிறது அவரு தொழில். கண்ணை மூடித் தெறக்குறதுக்குள்ள கல்லு கையில இருக்குமாம்.

ஆனா கல்லு வந்துரும், சில ஆளு தங்கமாட்டான். ஒருத்தன் ஒரு மாசத்துல ஏர் பிடிப்பான். இன்னொருத்தன் மூணாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டு, வாய் குழறிப் போய்ச் சேந்துருவான். அதே கத்தி, அதே கை, அதே மருந்து. கத்தியைக் கொதிக்க வச்சுப் பாத்தாராம். ரெண்டு பேர் பிழைச்சாக, மூணாவது ஆள் போயிட்டான். கிழமை பாத்தாராம். திசை மாத்திப் படுக்க வச்சாராம். விளங்கலையாம், விளங்கவே இல்லையாம்.

அவரு சம்சாரம் பூவாயி. நோயாளிக துணியை அலசுறது அந்தம்மாதான். ஒருநாள் அலசிக்கிட்டே சொல்லுச்சாம்: "இந்தாங்க, செத்தவுக துணி அறுக்குறதுக்கு முன்னாடியே நாறுச்சு. நீர் கலங்கி, சீழ் வாடை."

"போன மாசம் அறுத்த கடைக்காரருக்கும்தான் நாறுச்சு. அவரு பிழைச்சாரே?"

"அது எனக்குத் தெரியலை. நாறுனது மட்டுந்தான் தெரியும்."

அவருக்குக் குழப்பம் கூடிப்போச்சாம்.

அந்தச் சமயத்துல அவரு கூடப்பிறந்த அண்ணன் சங்கிலியை வண்டியில கொண்டாந்து எறக்குனாகளாம். அதே கல்லடைப்பு. நீர் கலங்கல், நாத்தம்.

"ஏலே, அறு. இப்பமே அறு."

உடையாண்டி கத்தியை எடுத்தாராம், வச்சாராம். திரும்ப எடுத்தாராம், வச்சாராம். அறுத்தா செத்துருவானோ, அறுக்காட்டி செத்துருவானோ.

"அண்ணே, முழுசா அடைக்கலை, நீர் கொஞ்சம் போகுது. தெளியட்டும், அறுக்கேன்."

"எத்தனை நாளு?"

"தெரியலைண்ணே."

ஓடைக்கரைப் பாறையில அண்ணனை உக்கார வச்சு, நெருஞ்சிக் கஷாயமும் சிறுபீளைத் தண்ணியுமாக் குடிக்க வச்சாராம். வலி வரும்போதெல்லாம் அண்ணன் ஊருக்கே கேக்க ஏசுவாராம். "கூடப்பிறந்தவனைக் கொல்லுற பாவி. கத்தி பிடிக்கப் பயந்த பய." ஊரும் அதையே பேசுச்சாம். உடையாண்டி அடுத்த வேளைக் கஷாயத்தை ஊத்திக் குடுப்பாராம். அண்ணன் சொல்றது நெசந்தானோன்னு அவருக்கே சந்தேகம். பூவாயி தெனமும் துணியை மோந்து பாக்கும். "இன்னும் நாறுது."

பதினோராம் நாள், "வாடை இல்ல"ன்னுச்சாம்.

அறுத்தாரு. கொட்டைப்பாக்குத் தண்டி கல்லு. மூணாம் நாள் முழுக்க அண்ணன் நெத்தியில வச்ச கையை உடையாண்டி எடுக்கலையாம். நெத்தி சுடலை. நாலாம் நாள் கஞ்சியில உப்பில்லைன்னு அண்ணன் ஏசுனாராம். அதைக் கேட்டு உடையாண்டி உக்காந்து அழுதாராம்.

அதுக்கப்புறம் நீர் தெளியாம யாரையும் அறுக்கலை. பத்துக்கு நாலு உசுரு போன இடத்துல ஒண்ணுதான் போச்சாம். அந்த ஒண்ணு ஏன் போச்சு, நாத்தத்துக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியலை.

காத்திருந்தவுக எல்லாரும் அந்தப் பாறையில உக்காந்துதான் கஷாயம் குடிச்சாக, அவரைத்தான் ஏசுனாக. அதனால அது ஏச்சுப்பாறை. இன்னைக்கும் டவுன் ஆஸ்பத்திரியில, "நீர்ல கிருமி இருக்கு, மாத்திரை முடிச்சுட்டு ஆபரேஷனுக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்புனா, நம்ம ஆளுக நேரா அங்க வந்து உடையாண்டியைப் பேர் சொல்லி ஏசுவாக. சத்தம் கேட்டதும் எங்க வீட்டுல இருந்து ஒரு ஆள் எந்திரிச்சு, ஒரு செம்புத் தண்ணி கொண்டுபோய்க் குடுக்கணும். அது எங்க வம்சத்து வழக்கம்.