திருப்பித் தர வேண்டியதில்லை

எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசி வரி வரை படித்துவிடுகிற ஆள் நான். மின்விசிறி வாங்கினால்கூட உத்தரவாதச் சீட்டைப் படித்த பிறகுதான் பெட்டியைப் பிரிப்பேன். "அண்ணனுக்கு வாழ்த்து அட்டை குடுத்தாக்கூட நிபந்தனை எங்கன்னு தேடுவாரு" என்று என் தங்கை கிண்டல் செய்வாள். ஆகவே நாங்கள் எழுதிய கணினி நிரலின் உரிமம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் நடந்துவிட்டது என்று, விசாரிக்கும் உங்களிடம் சொல்லப் போவதில்லை. தெரியும். அதைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

சில்லு என் தங்கை மகள். முன்பல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்ததால் அந்தப் பெயர். பள்ளியில் சேர்த்த வருடமே அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்துவிட்டது. வேளாவேளைக்கு ஊசி. மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், என்னைப் போலவே நிரல் எழுதுகிறவர். தோலில் ஒட்டியிருக்கும் உணரி சர்க்கரை அளவைச் சொல்லும். உடம்பில் மாட்டிய பம்ப் இன்சுலினைச் செலுத்தும். எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்ய நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதை நாங்கள் இருவரும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். மருந்தளவைக் கணக்கிடும் பகுதி என்னுடையது. "மாமா மூளை, அப்பா கை கால்" என்று சில்லு பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இதை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாது, இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளைதான் சொன்னார். எந்த உரிமத்தில் என்பதில்தான் பேச்சு நீண்டது.

"யார் வேணா எடுத்துக்கட்டும், மாத்திக்கட்டும் மச்சான். ஆனா மாத்தினதை அடுத்தவங்களுக்குக் குடுத்தா, அந்த புரோகிராமையும் சேர்த்துத் திறந்து குடுக்கணும். அந்த மாதிரி லைசென்ஸா போடுவோம்" என்றார்.

"அப்படிப் போட்டா எந்தக் கம்பெனியும் கிட்டவே வராது மாப்ளே. எங்க பேரை மட்டும் அழிக்காதே, மத்தபடி உன் இஷ்டம்னு விட்டுருவோம். நாலு கம்பெனி எடுத்தா எத்தனை குழந்தைங்களுக்குப் போய்ச் சேரும்?"

"எடுத்துட்டு மூடி வச்சுக்கிட்டா?"

"மூடினா அவங்களது மூடும். நம்மளது திறந்துதானே இருக்கும்?"

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. வயதில் மூத்தவனிடம் மல்லுக்கு நிற்கிற ஆள் இல்லை மாப்பிள்ளை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து கை கழுவப் போனார்.

பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம் எங்கள் நிரலை எடுத்துக்கொண்டது. கூடவே என்னையும் எடுத்துக்கொண்டது. அந்த மேசைப் பேச்சுக்கு முன்பே அவர்கள் என்னை அழைத்துப் பேசியிருந்தார்கள் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். உண்மைதான். அதைச் சொல்லியிருந்தால் மாப்பிள்ளை என் வாதத்தைத் திறந்த மனதோடு கேட்டிருக்க மாட்டார்.

பம்ப் விற்பனைக்கு வந்ததும் சில்லுவுக்கு ஒன்று கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "தப்பா நெனைக்காதீங்க மச்சான். உள்ள என்ன ஓடுதுன்னு பாக்க முடியாததை எம்பொண்ணு உடம்புல மாட்ட எனக்கு மனசு வரல" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பெட்டியை என் பக்கம் நகர்த்தியதும் மெதுவாகத்தான்.

பிறகு ஒரு நாள் எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் பொறியாளர் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தாள். உணரியின் தொடர்பு அறுந்து மறுபடி வந்தால், ஏற்கெனவே செலுத்திய இன்சுலினை நிரல் மறந்துவிடுகிறது. கொடுத்ததையே இன்னொரு முறை கொடுக்கிறது. இன்சுலின் அளவு மீறினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அது நான் எழுதிய பகுதி. சில வரிகளில் சரி செய்துவிட்டேன். திருத்தம் நாங்கள் விற்ற பம்ப் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்தது. முகம் தெரியாத எத்தனையோ குழந்தைகள் தப்பித்தார்கள். அதில் எனக்கு இன்றும் ஒரு நிறைவு உண்டு.

"சார், வெளிய திறந்து வச்சிருக்கறதுலயும் இதே தப்பு இருக்குமே. அங்க போட்டாச்சா?" என்று அவள் கேட்டாள்.

"திருப்பித் தரணும்னு லைசென்ஸ்ல இல்லம்மா."

"லைசென்ஸைக் கேக்கல சார்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். நிறுவனத்தில் யாரும் என்னைத் தடுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சட்டப் பிரிவில் கேட்டிருந்தால் அனுமதித்திருப்பார்களோ மறுத்திருப்பார்களோ, தெரியாது. நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான், எங்கள் பழைய நிரலோடே இருந்த சில்லு வகுப்பில் மயங்கி விழுந்தாள். ஆசிரியை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்திருக்கிறார். மாப்பிள்ளை பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். அவர் கணினியில் பதிவுகளைப் பார்த்தேன். தொடர்பு அறுந்திருக்கிறது, வந்திருக்கிறது, மருந்து இரண்டு முறை போயிருக்கிறது. கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளையைக் கண்டுகொள்வதுபோலச் சட்டென்று அடையாளம் தெரிந்தது.

"உணரி சரியில்ல போல. மாத்திப் பாருங்க" என்றேன். "இதுக்குத்தான் எங்க பம்பை வச்சுக்கச் சொன்னேன்."

"யோசிக்கிறேன் மச்சான்" என்றார். முடியாது என்று சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது மனம் லேசாக இருந்தது. இன்னும் ஒரே ஒரு முறை, இதேபோல் சின்னதாக ஒரு மயக்கம் வந்தால் போதும், அவராகவே வழிக்கு வந்துவிடுவார் என்று தோன்றியது.

கொஞ்ச நாளில் தங்கை கூப்பிட்டாள். "நீச்சல் கத்துக்கணும்னு உயிரை எடுக்கறா அண்ணா. அனுப்பலாமா? பம்ப்புக்கு ஒண்ணும் ஆகாதே?"

தண்ணீருக்குள் உணரியின் தொடர்பு அறுந்துவிடும். எங்கள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

"பம்ப்புக்கு என்ன ஆகப்போகுது? தாராளமா அனுப்பு" என்றேன்.

நீச்சல் முடிந்து திரும்பும் வழியில் சில்லு காரின் பின்சீட்டில் தூங்கிப்போனாள். ஆட்டம் போட்ட களைப்பு, எழுப்ப வேண்டாம் என்று தங்கை பாட்டுச் சத்தத்தைக்கூடக் குறைத்திருக்கிறாள். எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடித்த கைபேசி, காரின் பின்பெட்டியில் ஈரத் துண்டுக்குள் சுருட்டியிருந்த பையில் கிடந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் அவளை எழுப்பிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. தன் பகுதியில்தான் பிழை என்று நம்புகிறார். "என் பக்கம் எங்க தப்பு நடந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க மச்சான்" என்று கணினியை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அந்தப் பொறியாளர் பெண் உங்களிடம் வந்திருக்காவிட்டால் இப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன். நான் பார்க்கிறேன் என்பதே மாப்பிள்ளைக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு தெரியும். திருத்தம் என் கையில் இருந்தது. தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் அனுப்பச் சொன்னேன். அவள் மயங்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு மேல் விரும்பவில்லை.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. மாப்பிள்ளை கேட்ட உரிமத்தைப் போட்டிருந்தால் அந்தத் திருத்தம் வெளியே வந்தே தீர்ந்திருக்கும். யாரும் என்னைக் கேட்டிருக்க வேண்டியதில்லை, சில்லு இருந்திருப்பாள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் பெற்ற தகப்பன், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசியிருக்கலாம்.