நடுவுல லோசானா

உனைசி: ...சரி, ஹோட்டல் வேலைக்கு இவன்தான் கடைசி ஆளா? பேரு என்னன்னு கேளு, லோசானா.

லோசானா: பேரா? ஒரே வயித்துல பொறந்த தம்பி பேரு உங்களுக்குத் தெரியாதா, மதினி?

உனைசி: படிவத்துல முதல் கட்டம் அதுதான். காலைலேர்ந்து பதினேழு பேர்கிட்ட கேட்டாச்சு. இவன்கிட்டயும் கேளு.

லோசானா: மச்சான், உன் பேரு என்னவாம்?

அபிசாய்: அபிசாய்னு சொல்லு. நம்பிக்கை இல்லன்னா அம்மாகிட்ட விசாரிக்கச் சொல்லு.

லோசானா: அபிசாயாம், மதினி.

உனைசி: காதுல விழுந்துச்சு.

லோசானா: விழுந்துச்சுல்ல? அப்புறம் நான் எதுக்கு நடுவுல? மூணடி தூரம். நீங்க ஜன்னலப் பாத்துக் கேக்கறீங்க, அவன் சுவத்தப் பாத்துப் பதில் சொல்றான். சுவாவுல அக்கா தம்பியெல்லாம் ஒரே மேசைல உக்காந்து சிரிச்சுப் பேசறாங்க.

உனைசி: சுவா டவுனு, பேசட்டும். நம்ம ஊர்ல கூடப் பொறந்தவங்க விவரம் தெரிஞ்ச வயசுக்கு மேல நேரா பேசறதில்ல. என் பன்னெண்டு வயசுல நின்ன பேச்சு. இப்ப நாப்பத்திநாலு. ஒரு படிவத்துக்காக இன்னிக்கு ஆரம்பிக்க முடியுமா? ...இரு, செருப்பக் கழட்டிக்கறேன். கால் பன்னு மாதிரி ஊதிப்போச்சு.

லோசானா: நாலு மணிக்குப் பட்டியல் மேலாளர் மேசைல இருக்கணும். இப்பவே மூணேகால்.

உனைசி: தெரியும். அந்தத் தாளப் படி. எல்லாருக்கும் படிச்சோம், இவனுக்கும் படிச்சுடணும். நாளைக்கு அக்கா தம்பின்னு சலுகை காட்டினேன்னு பேச்சு வரக்கூடாது.

லோசானா: 'விருந்தோம்பல் துறைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். இங்கே விருந்தினர் நம் குடும்பத்தினர்...'

அபிசாய்: குடும்பத்தினர்னா அவங்ககூடப் பேசக்கூடாதே. அப்ப எப்படி வேலை பாக்கறது?

லோசானா: மதினி... தோள் குலுங்குது.

உனைசி: இருமல். தாள மூடு, நானே சொல்றேன். நீ அவன்கிட்ட சொல்லு.

லோசானா: அவனுக்குத்தான் கேக்குமே...

உனைசி: சொல்லுன்னா சொல்லு. ரிசெப்ஷன். எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே சிரிக்கணும். விமானத்துல பெட்டி தொலைஞ்சதுக்கும் நம்மளத்தான் திட்டுவாங்க. அதுக்கும் சிரிக்கணும்.

லோசானா: ரிசெப்ஷன் மச்சான். சிரிக்கணும். உன் மூஞ்சிக்கு ஒத்துவராது. அடுத்தது?

உனைசி: கிச்சன். அடுப்புச் சூடும் சமையல்காரர் வாயும். எது அதிகமா சுடும்னு நாளுக்கு நாள் மாறும். அப்புறம் பார். அங்க இருக்கறவன் நல்லா கேக்கத் தெரிஞ்சவனா இருக்கணும். நாலாவது கிளாசுக்கு மேல எல்லாரும் சொந்தக் கதைதான் சொல்லுவாங்க. தோட்டம், நீச்சல்குளம், படகு... அதெல்லாம் வெயில்.

அபிசாய்: நிழல்ல ஒண்ணும் இல்லையான்னு கேளு.

உனைசி: லாண்ட்ரி இருக்கு. நிழல்தான். உள்ள போனா வெயிலே பரவாயில்லன்னு தோணும். கடைசியா ஹவுஸ்கீப்பிங். என் பிரிவு. ஒரு ஆளுக்குப் பதினாலு அறை. விரிப்புல ஒரு சுருக்கம் தெரியக்கூடாது. கண்ணாடில ஒரு விரல்தடம் கூடாது. அறைக்குள்ள நாம போனதே அவங்களுக்குத் தெரியக்கூடாது. ஒழுங்கா செஞ்சா யாரும் நம்மள நினைக்க மாட்டாங்க. அதுதான் அந்த வேலைக்கு நல்ல பேரு.

லோசானா: இதையே காலைல முதல் ஆளுக்குச் சொன்னப்ப எவ்வளவு அழகா இருந்துச்சு, மதினி. 'உலகமே உங்க வீட்டு வாசலுக்கு வரும்'னெல்லாம் சொன்னீங்க.

உனைசி: அப்ப காலைல. ...ஆனா இதையும் சொல்லிடு. மேல போக வழி உள்ள தொழில் இது. கக்கூஸ் கழுவத்தான் நான் சேர்ந்தேன். இன்னிக்கு முப்பத்தாறு பேர் என் கைக்குக் கீழ. நம்ம ஊர்லேர்ந்து கப்பலுக்குப் போனவங்க இருக்காங்க, நியூசிலாந்துக்குப் போனவங்க இருக்காங்க. விரிப்பு மடிக்கத் தெரிஞ்ச கைக்கு எங்கயும் சோறு உண்டு.

அபிசாய்: சரி. இதுல எது எனக்குன்னு கேளு.

உனைசி: எதுவும் இல்ல.

லோசானா: மதினி.

உனைசி: நிலம் நம்ம குலத்தோடது, அதனால பத்துல மூணு வேலை நம்ம ஊருக்குன்னு ஒப்பந்தம். ரெண்டு போயிடுச்சு. மிச்சம் ஒண்ணு. வாசல்ல வர்றவங்கள வரவேத்து, பெட்டிய அறைக்குக் கொண்டுபோற வேலை. இது சின்ன ஹோட்டல், அந்த வேலையும் என் பிரிவுல வருது. என் கீழ என் தம்பி இருக்க முடியாது. அதுக்குச் சட்டமே இருக்கு.

அபிசாய்: என்ன சட்டமாம்?

லோசானா: ஓ, நீ அப்ப இங்க இல்லல்ல? போன வருஷம் நடந்தது, மச்சான். நம்ம மோசேஸ் இருக்கான்ல, அவனையும் அவன் சித்தப்பா மகளையும் ஒரே மாடில வேலைக்குப் போட்டாங்க. முறைப்படி அவளும் அவனுக்குத் தங்கச்சிதானே. ஒரு நாள் பத்தாம் நம்பர் அறைல குழாய் உடைஞ்சுடுச்சு. அவளுக்குத் தெரியுது, வால்வு மோசேஸ் கைக்கு எட்டற தூரத்துல இருக்கு. 'மூடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். எப்படிச் சொல்லுவா? நடுவுல சொல்றதுக்கு ஆள் தேடி மாடி இறங்கி ஓடினா. ஆள் கிடைச்சு அவ திரும்பி வர்றதுக்குள்ள பன்னெண்டு அறைக் கம்பளமும் மிதக்குது.

அபிசாய்: மோசேசுக்குக் கண்ணு இல்லையா? தண்ணி தெரியலையா?

லோசானா: அவன் மரியாதையா சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னிருக்கான். இப்ப நீ இருக்கற மாதிரியே. அந்த வாரமே மேலாளர் சட்டம் போட்டாரு. பேசக்கூடாத முறை உள்ளவங்க ஒரே பிரிவுல கூடாது.

அபிசாய்: எனக்கு இந்த வேலை வேணும்னு சொல்லு.

உனைசி: வேற ஹோட்டல்ல கேக்கச் சொல்லு. சிங்கடோக்கா போற வழில எட்டு இருக்கு.

அபிசாய்: இதுதான் ஊருக்கு நடந்து போற தூரம். மத்ததுக்கெல்லாம் அங்கயே தங்கணும். எனக்கு வீட்டுலேர்ந்து வரணும்.

உனைசி: ஒன்பது வருஷம் சுவா துறைமுகத்துல கிரேன் ஓட்டினவனுக்குத் திடீர்னு வீட்டு ஞாபகம். ஏன் விட்டான்னு கேளு. அந்தக் கட்டம் காலியா இருக்கு.

லோசானா: ஏன் விட்ட, மச்சான்?

அபிசாய்: உப்புக்காத்து ஒத்துக்கலன்னு எழுதச் சொல்லு.

லோசானா: இந்த ஹோட்டல் கடற்கரைலதான் இருக்கு. கவனிச்சியா?

உனைசி: மூணு வாரமா இதே கதை. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கைகலப்பு, குடி, திருட்டுன்னு. துரத்தி விட்டிருந்தா துரத்திட்டாங்கன்னு சொல்லட்டும். காரணம் தெரியாதவன் பேருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தம்பியா இருந்தா முதல்ல போட மாட்டேன்.

அபிசாய்: ...திருடல. அத மட்டும் சொல்லிடு.

லோசானா: மதினி, மணி மூணரை. வரவேற்புச் சோதனை பாக்கி இருக்கு. வச்சுட்டுத்தானே ஆளத் தள்ளணும்?

உனைசி: வை. நீயே விருந்தாளியா நில்லு. எனக்கு எழுந்திருக்க முடியாது.

லோசானா: சரி. நான் சிட்னிலேர்ந்து வந்த சீமாட்டி. கைல பெட்டி. 'பூலா'ன்னு வணக்கம் சொல்லி ஆரம்பி, மச்சான்.

அபிசாய்: பூலா, மேடம். வாங்க வாங்க. பெட்டி கனமா இருக்கே, உங்கள மாதிரியே.

லோசானா: டேய்!

அபிசாய்: உங்க அறைக் கதவு சின்னது, மேடம். பெட்டி போயிடும். உங்கள எப்படி நுழைக்கறதுன்னுதான்...

லோசானா: மதினி, பாத்தீங்களா? இதே வாய்தான் என் கல்யாணப் பந்தல்ல மாப்பிள்ளைக்கு ஆறுதல் சொன்னது.

உனைசி: முறைப்பையனையும் மாமன் மகளையும் வச்சா சோதனை பண்றது? தெரிஞ்சேதானே நிக்க வச்சேன், என் புத்தி. உங்க ரெண்டு பேரையும் கேலிய நிறுத்துன்னா வாயக் கட்டிப் போட்ட மாதிரி. எழுது, தேறல.

லோசானா: அது நியாயமில்ல. வேற யாரு இருக்கா? எல்லாரும் கிளம்பிட்டாங்க. ...நீங்க நில்லுங்க.

உனைசி: பைத்தியமா?

லோசானா: அஞ்சு நிமிஷத்துக்கு நீங்க உனைசி இல்ல. ஊரு பேரு தெரியாத விருந்தாளி. விருந்தாளிக்குத் தம்பி ஏது? பேசினா தோஷம் ஒட்டாது. இல்ல, அவன் சோதனை இல்லாமலே தள்ளுபடின்னு பட்டியல்ல எழுதட்டுமா?

உனைசி: செருப்ப எடு இப்படி. ...கதவுகிட்ட நிக்கறேன். அவன திரும்பச் சொல்லு.

லோசானா: மச்சான், திரும்பு. அங்க நிக்கறது விருந்தாளி. கேலி கூடாது.

அபிசாய்: ...

லோசானா: மச்சான்.

அபிசாய்: பூலா... மேடம். வாங்க.

உனைசி: ...பூலா.

அபிசாய்: ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?

உனைசி: இல்ல. பக்கத்துலேர்ந்துதான்.

அபிசாய்: களைச்சுப் போயிருக்கீங்க. இந்த நாற்காலில உக்காருங்க. பெட்டி எங்கயும் போகாது, நான் நிக்கறேன்.

உனைசி: பழகிடுச்சு. இருபத்திரெண்டு வருஷமா நின்ன கால்.

லோசானா: இது எந்த ஊரு விருந்தாளி...

அபிசாய்: லோசானா, நீ இப்ப இங்க இல்ல. ...குடிக்க இளநி கொண்டுவரட்டுமா, மேடம்?

உனைசி: இருபத்திரெண்டு வருஷத்துல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல. ...வேணாம். அறையக் காட்டு.

அபிசாய்: காட்டறேன். எத்தனை நாள் தங்கறீங்க, மேடம்?

உனைசி: வெள்ளிக்கிழமை வரைக்கும்.

லோசானா: என்ன வெள்ளிக்கிழமை?

அபிசாய்: வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு? வண்டி சொல்லணும்ல.

உனைசி: காலை ஆறு. நாண்டி விமான நிலையம்.

லோசானா: மதினி... இது சோதனைதானே?

அபிசாய்: அங்கேர்ந்து எங்கன்னு கேக்கலாமா?

உனைசி: ஆஸ்திரேலியா. டூவும்பா. ஒரு முதியோர் இல்லம். நாலு வருஷ ஒப்பந்தம். இங்க படுக்கை விரிக்கறேன். அங்க படுக்கைல கிடக்கறவங்களப் புரட்டிப் போடணும். பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

அபிசாய்: வீட்டுல சொல்லியாச்சா, மேடம்?

உனைசி: மேலாளருக்கு மட்டும் தெரியும். வீட்டுல அம்மா இருக்காங்க. சொன்னா அழ மாட்டாங்க. 'போ'ம்பாங்க. அத நினைச்சுத்தான் சொல்லல. அவங்க மகன் தங்குவானோ மாட்டானோன்னு, காரணம் சொல்லாம பக்கத்து வீட்டுல கேட்டு வச்சிருக்கேன், ராத்திரில ஒரு ஆள் வந்து படுத்துக்கும்.

லோசானா: அப்ப இவ்வளவு நேரம் சட்டம் சட்டம்னு... வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்தச் சட்டம் இவனுக்கு ஒட்டாதே. நீங்கதான் இருக்க மாட்டீங்களே.

உனைசி: நான் போறத வெளில சொல்லாம இவன எடுக்க எனக்கு வழி தெரியல, லோசானா. இப்ப சொல்லியாச்சு. ஆனா அந்தக் கட்டம் இன்னும் காலிதான். கையெழுத்து அதுலதான் நிக்குது.

லோசானா: மணி மூணே முக்கால்.

உனைசி: விருந்தாளி ஒண்ணு கேக்கலாமா, தம்பி? வேலைக்கு நிக்கற ஆளப் பத்தி.

அபிசாய்: கேளுங்க, மேடம்.

உனைசி: கிரேன் மேல ஒன்பது வருஷம். அத விட்டுட்டு அடுத்தவன் பெட்டி தூக்க வர்றதுன்னா ஒரு காரணம் இருக்கணும். உன்னை யாரு என்ன பண்ணினாங்க? எதுவா இருந்தாலும் சரி. நான் வெள்ளிக்கிழமை போயிடறவ. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

அபிசாய்: யாரும் ஒண்ணும் பண்ணல, மேடம். ரெண்டு மாசம் முன்னாடி அம்மா போன் பண்ணினாங்க. 'உங்கக்கா குளிர்துணி வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கா. எங்கயோ கிளம்பறா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா போகாம நின்னுடுவா, அதனால நான் கேக்கல. நீயும் கேக்காத. பேசாம வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துடு, அவ நிம்மதியா போகட்டும்'னாங்க.