பின்னறைத் தூக்கம்

படத்தில் ஒரு சின்ன அறை பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் போனை இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும், மேடம். நின்றபடி எடுத்தால் கட்டில் மட்டும்தான் தெரியும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழ வேண்டும். போர்வையின் ஒரு முனை மடிந்து, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருடம் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டு கிடந்தவனுக்கு இது தானாக வந்துவிடும்.

அக்காவின் இருமல் இந்த ஸ்டேஷனின் பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது. 'அந்த அம்மாவை இரண்டாவது இரவு தங்கச் சொன்னது நான்தான், நான்தான்' என்று அங்கே அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

மாமா போன பிறகு அக்கா மாடியிலிருந்த மூன்று அறைகளையும் வெள்ளையடித்து, காலைச் சாப்பாட்டோடு வாடகைக்கு விட்டாள். குளிர்ப் பிரதேசம், ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். முதல் வருடம் முழுக்க ஈ ஓட்டினாள். நான் வேலையை விட்டுவிட்டு ஒரு பையோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது திட்டக்கூட இல்லை.

"நீதான் போனுக்குள்ளயே குடியிருக்கியேடா. அதையாவது உருப்படியாப் பண்ணு. நம்ம வீட்டை நாலு பேருக்குக் காட்டு" என்றாள். பிறகு, "இந்தக் குளிர் முடியறவரைக்கும் பார்ப்பேன். யாரும் வரலைன்னா வீட்டை வித்துட்டு வேற வழி பார்க்கணும். நீயும் பழைய வேலைக்கே போயிடு" என்றாள்.

அந்த வேலைக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது. அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. உண்மை, அவ்வளவுதான்.

மூன்று அறைகளில் படத்துக்கு ஒத்துவந்தது பின்னறை ஒன்றுதான். சாய்ந்த கூரை, மரத் தளம், ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கில் பனிமூட்டம். கெடுத்தது ஒன்றே ஒன்று. கேஸ் ஹீட்டருக்கு மேலே, சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காற்றுத் துளை. துருப்பிடித்த கம்பிவலை, அதன் கீழே கரிக்கோடு. எப்படி எடுத்தாலும் படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஒரு பலகையை அளவாக அறுத்து அதில் அடைத்து, விளிம்பில் பட்டி மாவு பூசி, மேலே ஒரு மலைப்படத்தை மாட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "அட, இந்த ரூமுக்கு இப்பதான் களை வந்திருக்கு" என்றாள். அங்கே துளை இருந்ததே அவளுக்கு நினைவில்லை.

குளிர் தொடங்கிய வாரம் ஒரு பேருந்து ஓட்டுநர் தன் மனைவியோடு வந்தார். காலை பத்தரைக்குத்தான் இறங்கி வந்தார்கள். இணையத்தில் நான் தொடங்கியிருந்த எங்கள் பக்கத்தில் அவர் எழுதிய வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். 'பத்து வருடத்தில் இப்படித் தூங்கியதில்லை. அடித்துப் போட்ட மாதிரி, பிணம் மாதிரித் தூங்கினேன்.' பிணத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைப் படத்தின் மேல் எழுதிப் போட்டேன். அதுவரை எங்களைப் பின்தொடர்ந்தவர்கள் இருநூறு பேர், அதில் பாதி சொந்தக்காரர்கள். அந்த ஒரு படத்தை மட்டும் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

இந்த உலகத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை, மேடம். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கணக்காளர், ஆசிரியை, பிள்ளை பெற்றவர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் எழுதினார்கள். யாரும் பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்கவில்லை. 'உண்மையிலேயே தூக்கம் வருமா?' என்றுதான் கேட்டார்கள். வரும் என்று சொன்னேன். வந்தது.

சிலருக்குக் காலையில் லேசான தலைவலி இருந்தது. மலைக்காற்று புதிதில் அப்படித்தான் என்று பதில் எழுதினேன். அக்காவிடம் சொல்லி, விடிந்ததும் கதவுக்கு வெளியே ஒரு தட்டில் எலுமிச்சைத் தேநீர் வைக்க ஏற்பாடு செய்தேன். அந்தத் தேநீரும் பெயர் வாங்கிவிட்டது. அதைப் படமெடுத்துப் போடாத விருந்தாளியே இல்லை.

அக்கா பூரித்துப் போனாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது மாமா இருந்த காலத்தில்தான். "ஊருக்கெல்லாம் தூக்கம் விக்கிறே. நீ மட்டும் ஆந்தை மாதிரி உட்கார்ந்திருக்கே. ஒருநாள் போய்ப் படுத்துப் பாரேன்டா" என்பாள். பார்க்கலாம் என்பேன்.

ஹீட்டரைச் சுத்தம் செய்ய கேஸ் மெக்கானிக் வந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தாள். அவர் பின்னறையில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு ஓட்டை இருக்கணுமே, தம்பி?"

மலைப்படத்தை அவரே இறக்கினார். பலகையை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"எவன்யா இதை அடைச்சது? இங்க எத்தனை பேர் படுத்திருக்காங்க?"

"நல்லாத் தூங்கறாங்கண்ணே. எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க."

"தூக்கமா? இது மயக்கம்யா. கேஸ் எரிஞ்சு வர்ற விஷம். வாசனையும் கிடையாது, புகையும் கிடையாது. இதுவரைக்கும் எல்லாரும் எழுந்து வந்தது உன் அதிர்ஷ்டம், அவங்க அதிர்ஷ்டம்."

"ஒரே ஒரு ராத்திரின்னா பரவாயில்லையாண்ணே?"

அவர் நிமிர்ந்து, "கிண்டல் பண்றியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்கிற ஒருவன் நிஜமாகவே கேட்கிறான் என்று யாருக்குத் தோன்றும்?

துளை இரண்டு வாரம் திறந்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரம் வந்தவர்கள் வீட்டில் தூங்குவது போலவே இங்கும் தூங்கினார்கள். 'அறை அழகு, தூக்கம் சுமார்' என்றார் ஒருவர். 'படத்தைப் பார்த்து ஏமாந்தோம், விடிய விடிய விழித்திருந்தோம்' என்றார் இன்னொருவர். அதற்குக் கீழே அறுபது பேர் சிரித்திருந்தார்கள். முன்பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அக்கா மறுபடியும் காலியான மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றபடி, "நமக்குன்னு பார்த்துக் கண்ணு பட்டுடுச்சோ என்னமோ" என்றாள்.

பலகையை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

திரும்ப அடைத்தபோது ஒழுங்காக யோசித்துத்தான் செய்தேன். ஒருவருக்கு ஒரு இரவு மட்டும். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. காலையில் அவர்கள் இறங்கியதும் நானே போய் ஜன்னலைத் திறந்து மூன்று மணி நேரம் காற்றாட விடுவேன். அந்த வேலையை அக்காவிடம்கூட விட்டதில்லை. 'பின்னறை: வாழ்க்கையில் ஒரே ஒரு இரவு' என்று பக்கத்தில் போட்டேன். மக்கள் அதை வியாபாரத் தந்திரம் என்று நினைத்தார்கள். முன்பைவிட மும்மடங்கு ஆட்கள் கேட்டார்கள். நான் அவர்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடம். அது அவர்களுக்குத் தெரியாது.

அந்த நர்ஸ் வந்தது போன வாரம். பெரிய மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி. படியேறும்போதே என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயும் நைட் ஷிஃப்ட்டா தம்பி?" என்றார்.

"விட்டுட்டேன்க்கா."

"நீ விட்டுட்டே, அது உன்னை விடலை. கண்ணைப் பார்த்தாலே தெரியுது." பிறகு சிரித்துக்கொண்டே, "நம்ம ஜாதிக்கு செத்தாத்தான் தூக்கம்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மறுநாள் பத்து மணிக்குக் கீழே வந்தார். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக எட்டு மணி நேரம் தூங்கினாராம். "இன்னும் ஒரே ஒரு ராத்திரிங்க. தரையிலகூடப் படுத்துக்கறேன், அந்த ரூமை மட்டும் குடுங்க" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். மலைப்பாதையில் மண் சரிந்து, அன்றைக்கு வர வேண்டியவர்கள் வரவில்லை. அறை காலிதான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "பாவம்டா, இருந்துட்டுப் போகட்டும். சட்டம் நாம போட்டதுதானே?"

நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முந்தைய வாக்கியத்தையும், அதற்கும் முந்தையதையும் சொல்ல வேண்டியிருக்கும். "சரிக்கா" என்றேன். அப்புறம் அந்த நர்ஸிடம் அனுமதி கேட்டு ஒரு சின்ன வீடியோ எடுத்தேன். 'சட்டத்தை மீறும் முதல் விருந்தாளி.' அவர் கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுகிறார். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவர் பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினார். இரவு வேலைக்காரர்களுக்குப் பகல்தான் இரவு. அது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சாயங்காலம் ஒரு தடவை எழுந்து தண்ணீர் கேட்டார். காற்றாட விட அன்றைக்கு வழியே இல்லாமல் போனது.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு, மூடிய கதவையும் அதன் முன்னால் ஆறிப்போயிருந்த தேநீரையும் வீடியோ எடுத்துப் பக்கத்தில் போட்டேன். 'மணி பதினொன்று. இன்னும் எழவில்லை' என்று எழுதினேன். கதவைத் தட்டவில்லை. தட்டினால் சத்தம் பதிவாகிவிடும். கொடுத்து வைத்தவர் என்று ஆயிரக்கணக்கில் பதில்கள் வந்தன. எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான்.

ஒரு மணிக்கு அக்கா மாற்றுச் சாவியைப் போட்டுத் திறந்தாள். அவள் நேராகக் கட்டிலுக்கு ஓடினாள். தோளைப் பிடித்து உலுக்கி, "அம்மாடி, எழுந்திரும்மா, எழுந்திரும்மா" என்று கத்தினாள். நான் நேராகச் சுவருக்குப் போனேன். மலைப்படத்தை இறக்கி, பலகையை நெம்பி எடுத்தேன். திரும்பியபோது அக்கா கத்துவதை நிறுத்தியிருந்தாள். என் கையிலிருந்த பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இந்த நிமிடம் வரை அவள் என்னிடம் பேசவில்லை. உங்களிடம் எல்லாப் பழியையும் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்றால் அது அவள் சுபாவம்.

துளையை அடைத்தது நான். தெரிந்த பிறகும் அடைத்தது நான். அவரைக் கொன்றதும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். மெக்கானிக் வருகிறவரை எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறேனே, அப்படியானால் மூன்று வருடமாகத் தூக்கம் இல்லாதவன், அக்கா அத்தனை தடவை சொல்லியும், ஏன் ஒரு இரவுகூட அந்த அறையில் படுத்துப் பார்க்கவில்லை என்று.

அது விருந்தாளிகளுக்கான அறை, மேடம். வீட்டு ஆட்கள் அதில் படுப்பது முறையில்லை.