ராக்ரோஸுக்குத் தண்ணீர் வேண்டாம்

ராக்ரோஸ் செடி வளர்க்கப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம், மேடம். சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். நல்ல வெயில், சரளைக்கல் கலந்த மண், வேர் பிடிக்கும்வரை கொஞ்சம் தண்ணீர். அப்புறம் அதன் வழிக்கே போகக் கூடாது. உரம் போட்டால் இலை மதமதவென்று வரும், பூ வராது. முற்றிய கட்டையில் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. பூவும் ஒரு பொழுதுக்குத்தான். காலையில் கசங்கின காகிதம் மாதிரி விரியும், சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். என்னைப் போல உழைத்து அலுத்தவளுக்கு ஏற்ற செடி.

நீங்கள் அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அத்தான் செத்துப்போய், அவள் மகளும் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வரச் சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப நல்லவள். அந்த நல்ல குணத்தை வைத்துக்கொண்டுதான் என் உயிரை எடுத்தாள். நான் சலவைக்கடையில் ஊரார் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வருவதற்குள் வாளி வாளியாக என் செடிகளுக்கு ஊற்றியிருப்பாள்.

“ஊத்தாதேன்னு எத்தனை தடவைக்கா சொல்றது?”

“பாவம்டி, வாடிக் கிடக்கு. உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?”

வாடுவதெல்லாம் தாகத்தால் வாடுவது இல்லை, மேடம். வேர் அழுகினாலும் ராக்ரோஸ் அப்படித்தான் தலையைத் தொங்கப்போடும். பார்க்கிறவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், அது இன்னும் அழுகும். நான் ஆசையாக வைத்த மூன்று செடியும் இப்படியே போயின. பிடுங்கினேன்; வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. வந்த ஆத்திரத்தை அவளிடம் காட்டவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டாள்.

அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கைதான். நினைவும் முன்னே பின்னே இருந்தது. பகலெல்லாம் கடையில் யார் யாருடைய படுக்கை விரிப்பையோ துவைத்துவிட்டு வந்தால், வீட்டில் அவளுடைய விரிப்பு நனைந்து கிடக்கும். அவளைப் புரட்டி, துடைத்து, விரிப்பை மாற்றி, அதை அலசிப் போடுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நிமிர்வதற்குள் மறுபடி நனைத்திருப்பாள். மகள் போன் பண்ணும்போதெல்லாம், “சித்தி, அம்மாவுக்குத் தண்ணி நிறைய குடுங்க, டாக்டர் சொல்லியிருக்கார்” என்பாள். குடுக்கிறேன்மா என்பேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடலாம். துவைக்கிறது யார்?

முதலில் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரை நிறுத்தினேன். விரிப்பு காய்ந்தே கிடந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். அந்தத் தூக்கத்தின் ருசி உங்களுக்குத் தெரியாது. அப்புறம் மத்தியானத் தண்ணீரையும் நிறுத்தினேன். காலையில் மாத்திரைக்கு ஒரு வாய், அவ்வளவுதான். அவள் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன். “இப்பத்தானேக்கா குடிச்சே” என்பேன்.

“அப்படியா? மறந்துட்டேன் பாரு” என்பாள்.

என்னை நம்பினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒருநாள் வாசலில் பிடித்துக்கொண்டாள். “பெரியக்கா கட்டில்ல படுத்தபடியே ஜன்னல் வழியா தண்ணி கேட்டாங்க. ஒரு சொம்பு குடுத்தேன். மடமடன்னு குடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டாங்க” என்றாள். அவளுக்கென்ன, கொடுத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். நான் உள்ளே போய் விரிப்பை மாற்றினேன். பிறகு கட்டிலை ஜன்னல் இல்லாத பின்னறைக்கு இழுத்துப் போட்டேன். வேர் ஊன்றிவிட்ட ராக்ரோஸை இடம் மாற்றினால் பிழைக்காது, அது எனக்குத் தெரியும். மனுஷி செடியா என்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பின்னறையில் அவள் பேச்சு குறைந்தது. உதடு வெடித்தது, எண்ணெய் தடவினேன். கண் குழிக்குள் போயிற்று. டாக்டரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தண்ணீர் கொடு என்பார்.

கடைசி நாள் சரியான வெயில். கடையில் ஆவியில் வெந்துவிட்டு வந்தேன். டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளுக்காகத்தான் எடுத்துப் போனேன், சத்தியமாக. டம்ளரைப் பார்த்தாள். கேட்கவில்லை, வாயை மட்டும் திறந்தாள். எனக்கு விரிப்பு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலையில்தான் மாற்றியிருந்தேன். நானே குடித்துவிட்டேன், அவள் பார்க்கப் பார்க்க, முழுசாக. திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டாள். காலையில் மாத்திரையோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. சாவுச் சீட்டு எழுத வந்த டாக்டர் அவள் தோலைக் கிள்ளிப் பார்த்தார். நீர் வற்றின தோல், கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் உங்களைக் கூப்பிட்டார்.

கொன்றாயா என்று கேட்டீர்கள். ஆமாம். தண்ணீர் கொடுக்காமல் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவளை எடுக்கும்போது விரிப்பில் ஒரு கறை இல்லை. இவ்வளவு சுத்தமாக எந்தத் தங்கை பார்த்துக்கொள்வாள், சொல்லுங்கள்.