ஒற்றைச் செருப்புக் கடைக்கு ஒரு சர்வர்

மேடையின் நடுவே அமர்ந்து, பேச்சாளர் நேரம் மீறினால் அடிக்கவென்று மணியைக் கையருகே வைத்திருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! இந்தச் சிறுவணிகர் சங்கத்தைத் தோளில் சுமக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்த வணிகப் பெருமக்களே! வீட்டையும் கடையையும் ஒருசேரத் தாங்கி, இந்த ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

“கடையின் இணையதளத்துக்கு வி.பி.எஸ். தேர்ந்தெடுப்பது எப்படி?” இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. வி.பி.எஸ். என்றால் ஏதோ வானத்து வித்தை என்று மலைக்க வேண்டாம். இணையதளங்களைத் தாங்க எங்கோ இருக்கும் சர்வர் என்ற ஒரு பெரிய கணினியைப் பங்கு பிரித்து, ஒரு பங்கை உங்களுக்கே உங்களுக்கென்று ஒதுக்குவது. அவ்வளவுதான்! அதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. நான் செய்த ஒரு தவறு சொல்லித் தந்தது. அந்தத் தவற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

என்னைப் பார்க்கிறீர்கள். இரண்டு ஊன்றுகோல், ஒரு கால். முப்பத்தொரு வயதில் லாரிச் சக்கரம் இடது காலை எடுத்துக்கொண்டது. செயற்கைக் கால் எனக்குச் சரிப்படவில்லை. கடைக்குப் போனால் ஒற்றைச் செருப்பு தருவார்களா? தரமாட்டார்கள்! ஜோடியாக வாங்கினேன். வலதைப் போட்டுத் தேய்த்தேன். இடது செருப்புகள் புத்தம் புதிதாய் அலமாரியில் அடுக்கடுக்காய் நின்று என்னைப் பார்த்தன. பதினோராவது செருப்பை அடுக்கிய அன்று முடிவெடுத்தேன்: தைக்கக் கற்றுக்கொள்வோம், ஒற்றையாகவே விற்போம்!

அப்படிப் பிறந்தது என் கடை. கடை என்றால் ஒரே அறை. ஒரு தையல் இயந்திரம், ஒரு கட்டில், ஒரு கணினி. மனைவி மக்கள் என்று எனக்கு யாரும் இல்லை. வாசல் மணி அடித்தால் அது பார்சல் எடுக்க வருபவர்தான். அவரும் “கையெழுத்து” என்ற ஒரு சொல்லோடு போய்விடுவார். சில நாள்கள் அந்த ஒரு சொல்தான் நான் கேட்ட மனிதக்குரல்!

ஆனால், என் தளத்தில் ஒரு பக்கம் வைத்தேன். வலது கால் உள்ளவரும் இடது கால் உள்ளவரும் அளவு பார்த்து இணைந்து, ஒரு ஜோடியைப் பங்கிட்டுக்கொள்ளும் பக்கம். வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! ஒருவர், பத்துப் பேர், நூறு பேர், நானூற்றுப் பன்னிரண்டு பேர்! செருப்புப் பேச வந்தவர்கள் வாழ்க்கையைப் பேசினார்கள். படியேறும் கஷ்டத்தைப் பேசினார்கள். இல்லாத காலில் அரிப்பெடுக்கும் விந்தையைப் பேசினார்கள்.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். வலது கால் இல்லாதவர். என் அளவே அவர் அளவு. எங்களுக்கென்று நான் தைக்கும் ஜோடியில் வலது எனக்கு, இடது அவருக்கு. ஆறு ஆண்டுகள், முகம் பார்த்ததில்லை. போனில் பேசலாமே என்றால், “எனக்குக் காது சுத்தமா கேக்காது தம்பி, எழுதுங்க” என்பார். எழுதினோம். அந்தப் பக்கத்திலேயே தினமும் எழுதினோம். “சாப்டீங்களா?” என்று என்னைக் கேட்க இந்த உலகத்தில் அவர் ஒருவர் இருந்தார்.

இந்நிலையில் தளம் தள்ளாடத் தொடங்கியது. பலர் தளங்களோடு ஒரே சர்வரை நானும் பகிர்ந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் தளத்தில் தள்ளுபடி விற்பனை என்றால் என் தளம் படுத்துவிடும்! “தனியாப் போயிடுங்க சார், வி.பி.எஸ். எடுங்க” என்று தளத்து நண்பர்கள் சிலர் எழுதினார்கள். நானும் தேடினேன். எதைப் பார்த்தேன்? எவ்வளவு நினைவகம், எவ்வளவு இடம், எவ்வளவு வேகம் என்று எண்களைப் பார்த்தேன். எதைப் பார்க்கவில்லை? அதைப் பராமரிப்பது யார், தளத்தில் உள்ளதற்கெல்லாம் பிரதி, அதாவது பேக்கப், எடுத்து வைப்பது யார், கூப்பிட்டால் பேசுவது யார் என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ளும், விலை குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன். தனியாகவே வாழ்ந்து பழகியவனுக்கு அது இயல்பாகத்தான் தோன்றியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தளம் திறக்கவில்லை. திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்று “மறுதொடக்கம்”, மற்றொன்று “மறுநிறுவல்”. இரண்டும் ஒன்றுதானே என்று இரண்டாவதை அழுத்தினேன்.

பின்னால் யாரோ “அய்யய்யோ” என்கிறீர்கள். ஆமாம் ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, மறுநிறுவல் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று! ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாம் அழிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள், முகவரிகள், ஆறு ஆண்டுப் பேச்சு, எல்லாம்! சர்வர் தந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: பிரதி எடுப்பது வாடிக்கையாளர் பொறுப்பு. அவர்கள் சொன்னது சரி. ஒப்பந்தத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ரயில் ஓட்டுநரின் பழைய முகவரி ஒரு டப்பாவின் மேல் கிடைத்தது. கடிதம் போட்டேன். “ஆள் இல்லை” என்று திரும்பி வந்தது. மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தார். அந்தப் புது முகவரி எங்கே இருந்தது? அழிந்த தளத்தில் இருந்தது!

பத்தொன்பது நாள்கள். இயந்திரத்தில் உட்கார்வேன், தைக்க ஓடாது. கணினியைத் திறப்பேன், வெள்ளைப் பக்கம். மூடுவேன், மறுபடி திறப்பேன். தனிமை எனக்குப் புதிதில்லை பெரியோர்களே. ஆனால் கிடைத்த துணையை என் விரலாலேயே அழித்த தனிமை இருக்கிறதே, அது புதிது!

இருபதாம் நாள் வேறொரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். போன் மணி மூன்றாம் முறை அடிப்பதற்குள் ஒரு பெண்குரல்.

“சொல்லுங்க சார்.”

“அம்மா, நீங்க மனுஷிதானே? மெஷின் இல்லையே?”

“மனுஷிதான் சார். மெஷினுக்குத் தலைவலி வராதில்ல, எனக்குக் காலையிலேருந்து மண்டை பிளக்குது.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பத்தொன்பது நாளுக்குப் பிறகு சிரித்தேன். என் கதையை முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: “சார், நாங்க தினமும் பேக்கப் எடுக்கறோம்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. சோதனைக்கு ஒண்ணு தரேன். அதுல நாலு பேரு எழுதுங்க. நாளைக்கு அதே நேரம் கூப்பிடுங்க, நீங்களே அழிங்க. திரும்ப வருதான்னு பாத்துட்டு அப்புறம் வாங்குங்க.”

மறுநாள் அழித்தேன். போனில் அவர், “இருங்க சார், இருங்க, வரும்” என்றார். பதினோராம் நிமிடம் நான்கு பெயர்களும் திரும்பி வந்தன. வெறும் சோதனைப் பெயர்கள்தான். ஆனாலும் போனைக் கையில் பிடித்தபடி அழுதேன் ஐயா. அவர் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தார்.

தளம் எழுந்தது. ஒவ்வொருவராகத் தேடி வந்தார்கள். இருநூற்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் இன்று வரை வரவில்லை. ரயில் ஓட்டுநரும் நெடுநாள் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, ஒரு மதிய வேளையில் அவர் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதை மனப்பாடமாகச் சொல்கிறேன்:

“அண்ணா, அப்பா பத்து நாள் உங்க பக்கத்தத் திறந்து திறந்து பாத்தார். வெறும் வெள்ளையா இருந்துச்சு. நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சுட்டார். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடல. அப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே போகல. இன்னிக்கு நான் சும்மா தேடிப் பாத்தேன், நீங்க இருக்கீங்க! அப்பா இப்ப சக்கர நாற்காலியிலதான். செருப்பு வேண்டாமாம். ஆனா எழுதலாமான்னு கேக்கறார்.”

அவையோரே! நான் இறந்தால் அழ ஆளில்லை என்று இருபது ஆண்டுகள் நினைத்திருந்தேன். முகம் பார்க்காத ஒரு மனிதர் எனக்காக ஒரு நாள் பட்டினி கிடந்திருக்கிறார்! நான் தேர்ந்தெடுத்த ஒரு மலிவான பங்கு, நான் படிக்காத ஒரு பக்கம், நான் அழுத்திய ஒரு பொத்தான், ஒரு முதியவரைத் துக்கம் காக்க வைத்திருக்கிறது!

வணிகப் பெருமக்களே, உங்கள் தளத்தைத் தேடி வருபவர் யார் என்று உங்களுக்கு முழுதாகத் தெரியுமா? அவர் பொருள் வாங்க மட்டுமா வருகிறார்? எண்களைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு கட்டும் முன் கேளுங்கள்: பராமரிப்பது யார்? பிரதி எங்கே இருக்கிறது? கூப்பிட்டால் மனிதர் வருவாரா? கேட்டதோடு நிற்காதீர்கள், ஒருமுறை அழித்துப் பாருங்கள்! திரும்பி வராத சர்வர், அது எவ்வளவு வேகமாக இருந்தாலும், உங்களுக்கு வேண்டாம்!

தலைவர் மணியை எடுத்துவிட்டார். வராத நூற்று நாற்பத்தொன்பது பேரில் யாரேனும் உங்கள் தெருவில் இருந்தால், ஒரே ஒரு சொல் சொல்லிவிடுங்கள்: கடை திறந்திருக்கிறது.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும் கனிந்த உள்ளங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.