தேவராசாவின் ஹாண்டில்

— உந்த மோட்டச் சைக்கிளை ஏன் வாத்தியார் மாட்டு வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்? சுன்னாகத்திலையிருந்து குருநகரிலை என்ரை பட்டறைக்கு அதிலை ஏறி ஓடியே வந்திருக்கலாமே.

— ஓடப் பயம், கனிசியஸ் அண்ணை. தம்பி தேவராசா மதகிலை மோதி அடிபட்ட நாள் தொட்டு ஐஞ்சு மாதம் மாட்டுக் கொட்டிலுக்குள்ளை கிடந்த மோட்டச் சைக்கிள். வளைஞ்ச சில்லை மட்டும் அங்கை ஒருத்தன் நிமித்தித் தந்தவன். ஹாண்டிலிலை ஒருத்தரையும் கைவைக்க விடேல்லை.

— இப்ப நான் என்ன செய்ய வேணும்?

— ஹாண்டிலைப் பதிச்சு, என்ரை பக்கமா இழுத்து விடுங்கோ. தேவராசா பனை, நான் வடலி. ஏறி இருந்து பாத்தன், கை எட்டுதில்லை. தோள்மூட்டு இழுபடுது.

— அவருக்கு எதிர்மாறாயெல்லோ செய்து குடுத்தனான். முதுகு வளையுது அண்ணை, உயர்த்தி விடுங்கோ எண்டு நிண்டவர். ம்... பன்னிரண்டு அடிக்க முந்தி முடிச்சுத் தாறன்.

— எனக்கு அவசரமில்லை. ஆறுதலாச் செய்யுங்கோ.

— ஹாண்டில் கழுத்து நட்டு இளகிக் கிடக்கு.

— ஓம், பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். விரலாலையே சுத்துறியள்.

— விழுந்த வேகத்திலை இளகியிருக்கும்.

— இருக்கும். ஒண்டு கேக்க வேணும் அண்ணை. விழுந்த அண்டைக்கு இஞ்சை வரேக்கை அவன் குடிச்சிருந்தவனோ?

— தம்பியோ? மாதாவாணை இல்லை. வாய் மணக்கக்கூட இல்லை.

— ஊரிலை அப்பிடித்தான் கதை. குடிவெறியிலை கொண்டுபோய் மதகிலை அடிச்சவனாம். தங்கச்சிக்குப் பேசின சம்மந்தம் அதாலை குழம்பிப் போச்சு. அம்மா கோயில் வாசல் மிதிக்கிறேல்லை. நான் பெத்தது குடிகாரனையோ எண்டு கேட்டுக் கேட்டுச் சுவரைப் பாத்துக் கிடக்கிறா.

— இவ்வளவு நடந்திருக்கோ.

— உங்களைக் கேட்டு வந்தது அதுக்கும்தான். விழ முந்தி அவனைக் கடைசியாக் கண்டு கதைச்சது நீங்கள். வந்து அம்மாவுக்கு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்.

— என்ரை சொல்லை ஆர் எடுக்கப்போகினம், வாத்தியார்? வெறியில்லை எண்டால் பின்னை என்னெண்டு விழுந்தவன் எண்டெல்லோ கேப்பினம்.

— கேப்பினம்தான். அதுக்கும் ஒரு மறுமொழி வேணும்.

— எனக்கென்ன தெரியும்? அவர் போகேக்கை நல்லாத்தான் போனவர்.

— சரி, விடுங்கோ. ஏறி இருந்திட்டன், இந்த உயரத்திலையே நிக்கட்டும், ஹாண்டில் இப்ப எனக்கு நல்லா எட்டுது. வண்டில்காரனை அனுப்பிப்போட்டு நான் இதிலையே ஓடிப்போறன். தள்ளுங்கோ பாப்பம்.

— இறங்குங்கோ.

— ஏன்?

— இறங்குங்கோ வாத்தியார். நான் இன்னும் இறுக்கேல்லை.

— இவ்வளவு நேரமும் கையிலை ஸ்பானரை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.

— அண்டைக்கும் வைச்சுக்கொண்டுதான் நிண்டனான். ஹாண்டிலை உயர்த்தினன், நட்டை விரலாலை கொழுவினன், அவ்வளவுதான். விழுந்த வேகத்திலை இளகேல்லை, வாத்தியார். வளைவிலை ஹாண்டில் அவற்றை கையோடை திரும்பியிருக்கும், சில்லுத் திரும்பியிராது. செத்த வீட்டுக்கு வந்து படலையடியிலை நிண்டனான். வெறி எண்டு அங்கையே கதைச்சினம். நான் வாய் துறக்கேல்லை. துறந்தால் இந்தப் பட்டறை என்னாகும் எண்டு நினைச்சன். என்ரை பிள்ளையளை நினைச்சன். ஐஞ்சு மாதமா ஒருத்தற்றை வண்டியையும் ஒருக்கா இறுக்கி நான் அனுப்பினதில்லை, மூண்டுதரம் நாலுதரம் இறுக்கிறன்.

— இதை அம்மாவுக்கு முன்னாலை சொல்லுவியளோ?

— சொல்லுறன். உங்கடை ஊராக்களையும் கூப்பிடுங்கோ, அவைக்கு முன்னாலையும் சொல்லுறன். வண்டிலிலை எனக்கும் இடம் இருக்கோ?

— இருக்கு.

— பொறுங்கோ. மாதா கோயிலிலை பன்னிரண்டு மணி அடிக்குது. ஒரு நிமிசம், செபம் சொல்லிப்போட்டு வாறன்.

— இண்டைக்கு இறுக்கிப்போட்டுச் செபியுங்கோ அண்ணை. அண்டைக்கு மணி கேட்டு நீங்கள் ஸ்பானரை வைச்சுக் கண்ணை மூடினதையும், தான் பொறுக்காமல் ஏறி வெளிக்கிட்டதையும் தம்பி ஆசுப்பத்திரியிலை எனக்குச் சொன்னவன், 'பிழை என்னிலை, அந்த மனுசன்ரை பேரை ஒருத்தருக்கும் சொல்லாதை' எண்டு என்ரை கையிலை அடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் கண்ணை மூடினவன்.